பண்பு அட்டவணை

தடித்த அட்டையில் சமபக்க முக்கோணம் ஒன்றை வெட்டி, அதனை ஒரு தாளின்மீது வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் அட்டையைக் கையில் எடுத்து, அக்கோட்டுக்குள் சரியாகப் பொருந்துமாறு மீண்டும் வைக்க வேண்டும். இவ்வாறு வைப்பதற்கு எத்தனை வழிகள் உண்டு?

எடுத்தவாறே வைப்பது ஒரு வழி. 120 பாகை திருப்பி வைப்பது மற்றொரு வழி. 240 பாகை திருப்பி வைப்பது மூன்றாம் வழி. இவையன்றி, ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குச் செல்லும் கோட்டை அச்சாகக் கொண்டு அட்டையைக் குப்புறப் புரட்டியும் வைக்கலாம். முனைகள் மூன்று ஆதலின் புரட்டும் வழிகளும் மூன்று. ஆக, வழிகள் ஆறு. ஏழாவது வழி ஒன்றை எவ்வளவு முயன்றாலும் காண இயலாது.

இந்த ஆறு செயல்களுக்குள் ஓர் ஒழுங்கு அமைந்துள்ளது. ஒரு செயலைச் செய்து, அதன்மேல் மற்றொரு செயலையும் செய்தால், முடிவில் விளைவது இந்த ஆறனுள் ஒன்றாகவே இருக்கும். எச்செயலைச் செய்தாலும், அதனை மாற்றி அட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செயலும் இவற்றுள்ளேயே உண்டு. இத்தகைய தொகுதியைக் கணித நூலார் குலம் என்று வழங்குவர். எண்களின் பெருக்கலில் காணாத புதுமை ஒன்றும் இங்கு உண்டு. மூன்றை ஐந்தால் பெருக்கினும், ஐந்தை மூன்றால் பெருக்கினும் விடை ஒன்றே. ஆனால் முக்கோணத்தை முதலில் திருப்பிப் பின்பு புரட்டுவதும், முதலில் புரட்டிப் பின்பு திருப்புவதும் ஒன்றல்ல. அட்டையின் முனைகளில் அ, ஆ, இ என எழுதிக்கொண்டு செய்து பார்ப்பவர் இதனை உடனே உணர்வர்.

ஆறு செயல்களையும் ஒன்றோடொன்று இணைத்தால் வருவனவற்றை 36 கட்டங்கள் கொண்ட அட்டவணையாக எழுதிவிடலாம். 60 செயல்கள் கொண்ட குலத்துக்கு 3,600 கட்டங்கள் வேண்டும். பல்லாயிரம் செயல்கள் கொண்ட குலங்களும் உள்ளன. அவற்றின் அட்டவணையை எழுதி முடித்தாலும் அதைப் படித்து எதனையும் அறிதல் அரிது. காட்டில் உள்ள இலைகளை எல்லாம் எண்ணி வைத்தவன், அக்காட்டில் எவ்வெம் மரங்கள் உள்ளன என்பதை அறியாதிருப்பது போன்ற நிலை அது. குலத்தின் இயல்பைச் சுருங்கக் கூறும் வழி ஏதேனும் உண்டா என்னும் வினாவுக்கு 1896ஆம் ஆண்டில் விடை கிடைத்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், ஜெர்மனி நாட்டுப் பிரன்சுவிக் நகரில் வாழ்ந்த கணித அறிஞர் ரிச்சர்டு டெடெகிண்டு, பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரொபீனியசுக்கு ஒரு மடல் எழுதினார். டெடெகிண்டுக்கு அப்பொழுது வயது 64, பிரொபீனியசுக்கு 46. பல ஆண்டுகளாகத் தம் உள்ளத்தில் கிடந்து உறுத்திய ஒரு புதிரை டெடெகிண்டு இளையவரிடம் ஒப்படைத்தார். குலத்தின் பெருக்கல் அட்டவணையைத் தக்கவாறு அமைத்து, செயல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை இட்டு, அதனை அணிக்கோவையாக விரித்தால் நீண்டதொரு கோவை கிடைக்கும். அக்கோவையைக் காரணிகளாகப் பிரிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதே புதிர். செயல்களை எந்த முறையில் அடுக்கினும் ஒரே விளைவு தரும் குலங்களில், அக்கோவை ஒருபடிக் காரணிகளாகவே பிரிந்துவிடும். முக்கோணக் குலத்திலோ அவ்வாறு பிரியவில்லை. ஒருபடிக் காரணிகள் இரண்டு கிடைத்தன. எஞ்சியது பிரிக்க இயலாத இருபடிக் காரணி ஒன்று. அதுவும் இரு முறை வந்தது. ஏன் இரு முறை வர வேண்டும்? பிற குலங்களில் எவ்வாறு வரும்? டெடெகிண்டால் பொது விதியைக் காண முடியவில்லை.

பிரொபீனியஸ் இவ்வினாவை ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் திங்களிலேயே அவரிடமிருந்து நீண்ட மடல்கள் டெடெகிண்டுக்கு வரத் தொடங்கின. அவ்வாண்டு முடிவதற்குள், குலங்களின் பண்புகள் பற்றிய அவருடைய கட்டுரை பெர்லின் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்துவிட்டது. ஒரு பெரிய கணிதத் துறை சில வாரங்களில் உருப்பெற்றது என்று கூறினால் மிகையாகாது. அவர் முதலில் சென்ற பாதை கடினமானது. அதனைக் காட்டிலும் எளிய பாதையை அவரே 1897ஆம் ஆண்டில் கண்டார். இன்று மாணவர் கற்பது அந்த எளிய பாதையைத்தான். அது அணிகளின் வழியாகச் செல்வது.

முக்கோணத்தின் நடுப்புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டு இரு அச்சுகளை வரைந்தால், ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். திருப்புதலும் புரட்டுதலும் அவ்வெண்களை மாற்றும். அம்மாற்றத்தை இரு நிரைகளும் இரு நிரல்களும் கொண்ட அணி ஒன்றில், நான்கு எண்களாக எழுதிவிடலாம். செயல்கள் ஆறுக்கும் ஆறு அணிகள். ஒரு செயலின்மேல் மற்றொரு செயல் செய்தால் எது விளையுமோ, அதற்குரிய அணியே அவ்விரு அணிகளையும் பெருக்கும்போது கிடைக்கும். கையால் செய்த செயல், எண்ணால் செய்யும் கணக்காக மாறிவிடுகிறது. இதனைக் குலத்தின் அணி வடிவம் எனலாம்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அச்சுகளை ஒருவர் ஒரு திசையில் வரைவார். மற்றொருவர் வேறு திசையில் வரைவார். இருவருடைய அணிகளும் வேறுவேறாக இருக்கும். குலம் ஒன்றே, எண்கள் மட்டும் பல. எந்த எண் குலத்துக்கு உரியது, எந்த எண் அச்சு வரைந்தவருடைய விருப்பத்தால் வந்தது என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்குரிய விடை வியக்கத்தக்க எளிமை உடையது. அணியின் இடப்புற மேல் மூலையிலிருந்து வலப்புறக் கீழ் மூலை வரை செல்லும் மூலைவிட்டத்தில் உள்ள எண்களை மட்டும் கூட்டி வைத்துக்கொண்டு, ஏனையவற்றை விட்டுவிட வேண்டும். அச்சுகளை எவ்வாறு மாற்றினும் அக்கூட்டுத்தொகை மாறுவதில்லை. அதுவே அச்செயலின் பண்பு எனப்படும். எடுத்தவாறே வைக்கும் செயலின் அணியில் மூலைவிட்ட எண்கள் 1, 1, பண்பு 2. 120 பாகை திருப்பும் செயலில் அவை −1/2, −1/2, பண்பு −1. செங்குத்து அச்சைச் சுற்றிப் புரட்டும் செயலில் அவை −1, 1, பண்பு 0. மற்ற இரு புரட்டல்களுக்கும் 0. மற்றொரு திருப்பலுக்கும் −1. ஒரே தன்மையுள்ள செயல்களுக்கு ஒரே பண்பு வருவதால் ஆறு செயல்களும் மூன்று வகுப்புகளாக அமைகின்றன: எடுத்தவாறே வைத்தல் ஒன்று, திருப்பல் இரண்டு, புரட்டல் மூன்று.

முக்கோணக் குலத்துக்கு இஃதன்றி வேறு அணி வடிவங்களும் உண்டு. எல்லாச் செயல்களுக்கும் 1 என்னும் எண்ணையே இடலாம். திருப்பல்களுக்கு 1 என்றும், புரட்டல்களுக்கு −1 என்றும் இடலாம். இரு முறை புரட்டினால் திருப்பல் நிலைக்கே வருகிறது. −1ஐ −1ஆல் பெருக்கினாலும் 1 வருகிறது. ஆகவே கணக்கு ஒத்துப்போகிறது. மேலும் பிரிக்க இயலாத வடிவங்கள் இம்மூன்றே. இவற்றின் பண்புகளை நிரை நிரையாக எழுதினால் கிடைப்பதே பண்பு அட்டவணை. அதன் நிரல்கள் முறையே எடுத்தவாறே வைத்தல், திருப்பல், புரட்டல் என்னும் வகுப்புகளுக்கு உரியவை.

முதல் நிரை: 1, 1, 1
இரண்டாம் நிரை: 1, 1, −1
மூன்றாம் நிரை: 2, −1, 0

ஒன்பது எண்கள் கொண்ட இச்சிறு கட்டத்தில் மறைந்துள்ள ஒழுங்குகள் பல. நிரைகளின் எண்ணிக்கை வகுப்புகளின் எண்ணிக்கைக்குச் சமம். எக்குலத்துக்கும் இது பொருந்தும். முதல் நிரலில் உள்ள 1, 1, 2 ஆகியவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 6, அதாவது செயல்களின் எண்ணிக்கை, வருகிறது. டெடெகிண்டை வருத்திய புதிருக்கும் இதில் விடை உள்ளது. இரண்டு என்னும் அளவுடைய வடிவம் இருபடிக் காரணியாகி, இரு முறை தோன்றுகிறது. இன்னும் ஒன்று: ஏதேனும் இரண்டு நிரைகளை எடுத்து, ஒத்த எண்களைப் பெருக்கி, அவ்வவ் வகுப்பின் செயல் எண்ணிக்கையாலும் பெருக்கிக் கூட்டினால் சுழியே வரும். முதல் நிரையையும் மூன்றாம் நிரையையும் எடுத்தால் 2, −2, 0, கூட்டினால் சுழி. ஆகவே இவ்வடிவங்கள் ஒன்றில் ஒன்று கலவாத தூய பொருள்கள் போன்றவை. வேறு எவ்வடிவத்தைக் கொடுத்தாலும், அதில் ஒவ்வொரு தூய பொருளும் எவ்வளவு கலந்துள்ளது என்பதை இப்பெருக்கல் முறையாலேயே அளந்துவிடலாம்.

அவ்வளவும் சரி, ஆனால் இதனால் குலத்தைப் பற்றிப் புதிதாக ஏதேனும் அறிய முடியுமா? இவ்வையத்தை எழுப்பியவர் சாதாரணமானவர் அல்லர். இங்கிலாந்தில் கிரீனிச்சில் இருந்த கடற்படைக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய வில்லியம் பர்ன்சைடு, 1897ஆம் ஆண்டில் குலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதன் முன்னுரையில், அணி வடிவங்களைத் தம் நூலில் சேர்க்காததற்குக் காரணம் கூறினார். அவற்றின் வழியாக நேரே பெறத்தக்க முடிவு ஒன்றையேனும் காட்டுதல் அக்காலத்தில் அரிது என்பது அவர் கருத்து. பிரொபீனியசின் முதற்கட்டுரை வெளிவந்த மறு ஆண்டிலேயே இவ்வாறு எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

ஆனால் பர்ன்சைடு தம் கருத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர் அல்லர். பிரொபீனியசின் ஆராய்ச்சிகளைக் கண்டதும் தாமே அத்துறையில் இறங்கினார். குலங்களுள் சில சிறு கூறுகளாகப் பிரிபடுவன; சில பிரிபடாதவை. முக்கோணக் குலம் பிரிபடுவது. அதில் புரட்டாத செயல்கள் மூன்றும் சேர்ந்து உள்ளே ஒரு சிறு குலமாக நிற்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டால் 'புரட்டியது, புரட்டாதது' என்னும் இரண்டே எஞ்சும். இதனை அட்டவணையைப் பார்த்தே கூறிவிடலாம். இரண்டாம் நிரையில், திருப்பலின் கீழ் உள்ள எண் அந்நிரையின் முதல் எண்ணுக்குச் சமமாக இருக்கிறது. அதுவே பிரிவுக்கு அடையாளம். முதல் நிரை தவிர வேறு எந்நிரையிலும், முதல் நிரலுக்கு அப்பால் இத்தகைய சமம் தோன்றாவிடின் அக்குலம் பிரிபடாதது.

இருபது முக்கோண முகங்களைக் கொண்ட ஒழுங்குத் திண்மத்தைத் திருப்பும் வழிகள் 60. அக்குலத்தின் அட்டவணையில் நிரைகள் ஐந்து. முதல் நிரல் 1, 3, 3, 4, 5. இவற்றின் வர்க்கங்கள் 1, 9, 9, 16, 25, கூட்டினால் 60. தேடிப் பார்த்தாலும் மேற்கூறிய அடையாளம் இவ்வட்டவணையில் இல்லை. பகா எண் அளவே செயல்கள் கொண்ட குலங்களை ஒதுக்கிவிட்டால், பிரிபடாக் குலங்களுள் மிகச் சிறியது இதுவே. 60 என்னும் எண் 2, 3, 5 என்னும் மூன்று பகா எண்களால் ஆனது. இரண்டே பகா எண்களால் ஆன எண்ணிக்கையுடைய குலம் எதுவும் பிரிபடாததாக இருக்க முடியாது என்று பர்ன்சைடு 1904ஆம் ஆண்டில் நிறுவினார். அவர் கையாண்ட கருவி பண்புகளே. ஒரு வகுப்பில் உள்ள செயல்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேற்பட்டதாய், ஒரே பகா எண்ணின் அடுக்காய் அமைந்தால், அக்குலம் பிரிபடும் என்பது அவர் கண்ட உண்மை. 60 செயல்கள் கொண்ட குலத்தில் வகுப்புகளின் அளவுகள் 1, 12, 12, 15, 20. எதுவும் அத்தகைய அடுக்கு அன்று.

1911ஆம் ஆண்டில் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. தாம் முன்பு கூறிய காரணம் இனிப் பொருந்தாது என்பதை முன்னுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அணி வடிவங்களுக்கும் பண்புகளுக்கும் நூலில் பெரும் பகுதியை ஒதுக்கினார். அவருடைய 1904ஆம் ஆண்டுத் தேற்றத்தைப் பண்புகளின் துணையின்றி நிறுவும் வழி 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேதான் கண்டறியப்பட்டது.

கணிதத்துக்கு வெளியிலும் இவ்வட்டவணை பயன்பட்டது. அம்மோனியா மூலக்கூற்றில் நைட்ரஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றும் உள்ளன. மூன்று ஹைட்ரஜன்களும் சமபக்க முக்கோணமாக நிற்க, நைட்ரஜன் அவற்றுக்கு மேலே கூர்நுனி போல் அமர்ந்துள்ளது. இதனைத் தன்னோடு தானே பொருந்தச் செய்யும் செயல்கள் ஆறு. புரட்டலுக்குப் பதிலாகக் கண்ணாடிப் பிரதிபலிப்பு வருவது ஒன்றே வேறுபாடு. அட்டவணை முக்கோணத்தின் அட்டவணையே.

அம்மூலக்கூறு எத்தனை வகையாக அதிரும்? அணுக்கள் நான்கு, ஒவ்வொன்றும் மூன்று திசைகளில் அசையலாம், ஆக 12. இந்தப் பன்னிரண்டுக்கும் பண்பைக் கணக்கிட வேண்டும். இடம் மாறாத அணுக்கள் மட்டுமே மூலைவிட்டத்துக்கு எண் தருவன என்பதால் கணக்கு எளிதாகிறது. எதுவும் செய்யாத நிலையில் 12. 120 பாகை திருப்பினால் நைட்ரஜன் மட்டும் இடம் மாறாது; அது தரும் எண் 0. பிரதிபலிப்பில் நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் இடம் மாறா. அவை ஒவ்வொன்றும் 1 தர, பண்பு 2. இந்த 12, 0, 2 என்பதை அட்டவணையால் பிரித்தால், முதல் வடிவம் மூன்று முறையும், இரண்டாம் வடிவம் ஒரு முறையும், மூன்றாம் வடிவம் நான்கு முறையும் கலந்திருப்பது தெரியும். மூலக்கூறு முழுவதும் நகர்வதும் முழுவதும் சுழல்வதும் அதிர்வு ஆகா. அவற்றுக்கு உரியனவற்றைக் கழித்தால், முதல் வடிவம் இரண்டும் மூன்றாம் வடிவம் இரண்டும் எஞ்சும். ஆகவே அடிப்படை அதிர்வெண்கள் நான்கு. நிறமாலைகளில் காணும் நுண்ணிய பிளவுகளை ஒதுக்கிவிட்டால், ஆய்வுக்கூடத்தில் அறியப்பட்டவையும் நான்கே. அணுக்களைப் பிணைக்கும் விசை எவ்வளவு என்பதை அறியாமலே, வடிவத்தை மட்டும் கொண்டு இவ்வளவும் கூற முடிகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் கண்ட ஒளிச்சிதறலில், எந்த அதிர்வு கோடாகத் தோன்றும், எது தோன்றாது என்று கூறுவதற்கும் இதே அட்டவணைதான் துணை. இராமனின் மாணவர் பகவந்தம், வேங்கடராயுடு என்னும் அறிஞருடன் சேர்ந்து, குலங்களைப் பௌதிகத்தில் பயன்படுத்தும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அது 1948ஆம் ஆண்டில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வெளியாயிற்று.

அட்டவணை குலத்தைப் பற்றி எல்லாவற்றையும் கூறிவிடும் என்று எண்ணுவது தவறு. சதுர அட்டையைப் பொருத்தி வைக்கும் வழிகள் எட்டு. ஹாமில்டன் கண்ட நான்கன்கூட்டு எண்களிலிருந்து பிறக்கும் குலத்திலும் உறுப்புகள் எட்டு. இரண்டின் பண்பு அட்டவணையும் ஒன்றே. ஆயினும் சதுரத்தின் குலத்தில், இரு முறை செய்தால் பழைய நிலைக்கு வரும் செயல்கள் ஐந்து உள்ளன. மற்றதிலோ ஒன்றே ஒன்று. மூலைவிட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டதற்கு இங்கே விலை கொடுக்க நேர்கிறது. ஆனால் இவ்வளவு விட்டும் இழந்தது இவ்வளவு சிறிதாக இருப்பதே பெருவியப்பு.

அவ்வியப்பின் எல்லையைக் காட்டும் குலம் ஒன்று உண்டு. கணித அறிஞர் அதற்கு 'அரக்கன்' என்று பெயரிட்டுள்ளனர். 1973ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்ன்டு பிஷரும், அமெரிக்காவின் ராபர்ட் கிரைசும் தனித்தனியே இத்தகைய பிரிபடாக் குலம் ஒன்று இருக்க வேண்டும் என்று கருதினர். அதன் செயல்களின் எண்ணிக்கையை எழுத 54 இலக்கங்கள் வேண்டும். பெருக்கல் அட்டவணை என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. அக்குலம் உண்மையில் உண்டு என்பதே அப்பொழுது நிறுவப்படவில்லை. ஆயினும், உண்டு எனில் அதன் பண்புகள் எவ்வாறு இருக்க வேண்டும் என்று கணக்கிட முடிந்தது. பிஷர், லிவிங்ஸ்டன், தோர்ன் ஆகிய மூவரும் 1978ஆம் ஆண்டில் அட்டவணையை முடித்தனர். நிரைகள் 194, நிரல்கள் 194. முதல் நிரை, எக்குலத்திலும் போல, ஒன்றுகளால் ஆனது. இரண்டாம் நிரையின் முதல் எண் 1,96,883. அதாவது, அக்குலத்தின் ஒரு செயலை அணியாக எழுத முற்பட்டால் 3,876 கோடிக்கு மேற்பட்ட எண்களை எழுத வேண்டும். பண்பு அவற்றுக்கெல்லாம் ஈடாக ஒரே எண்ணைத் தருகிறது.

அந்த 1978ஆம் ஆண்டிலேயே ஜான் மக்கே என்னும் அறிஞர், குலங்களோடு தொடர்பே இல்லாததாகக் கருதப்பட்ட ஒரு பழைய சார்பின் கெழுக்களுள் 1,96,884 என்னும் எண்ணைக் கண்டார். அஃது அட்டவணையில் உள்ள 1, 1,96,883 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகை. தற்செயல் என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். ஆனால் அச்சார்பின் அடுத்த கெழு 2,14,93,760. அட்டவணையின் மூன்றாம் நிரையின் முதல் எண் 2,12,96,876. அதனோடு 1,96,883ஐயும் 1ஐயும் கூட்டினால் அக்கெழுவே வருகிறது. இத்தொடர்பு என்ன என்பதைக் கான்வே, நார்டன் என்னும் இருவர் 1979ஆம் ஆண்டில் கருதுகோளாக வகுத்தனர். ரிச்சர்டு போர்ச்செர்ட்சு 1992ஆம் ஆண்டில் அதனை நிறுவினார்.

அரக்கன் உண்மையில் உண்டா என்னும் வினாவுக்கு விடை 1980ஆம் ஆண்டில் வந்தது. ராபர்ட் கிரைஸ், கணிப்பொறியின் துணை இன்றிக் கையால் கணக்கிட்டே அக்குலத்தை அமைத்துக் காட்டினார். அதன் செயல்கள் நிகழும் வெளிக்கு அவர் கண்ட பரிமாணங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அட்டவணையின் இரண்டாம் நிரையில் முதல் எண்ணாக எழுதப்பட்டிருந்த அதே 1,96,883.